பெட்டி வாயிலைத் தாண்டினால் ஒப்படைத்தாயிற்று என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இணைப்பில் பெருந்தரவு பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் வந்து குவியும் தகவல்களைக் கையாள முடியாமல் எங்கள் நாட்டு நிறுவனங்கள் திணறுகின்றன, அதற்குக் காரணம் வலுவான சேர்வர்களும் விலை கூடிய வெளிநாட்டு மென்பொருட்களும் இங்கே போதாமல் இருப்பதுதான் என்று கட்டுரையாளர் முடிவு கட்டியிருக்கிறார். திணறுவது உண்மை. காரணம் என்று அவர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே தொழிலை வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும்.

நான் கணினி படித்தவன் அல்லன். கோட்டையில் கப்பல் முகவர் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் மெனிபெஸ்ட் என்ற சரக்குப் பட்டியலும் சரக்கை ஒப்படைக்கச் சொல்லும் டெலிவரி ஓடரும் எழுதியே தலை நரைத்தவன். ஓய்வு பெற்ற பிறகு, கொள்கலன்களின் (எங்கள் பேச்சில் வெறும் பெட்டி) நடமாட்டத்தைத் திரட்டிக் கப்பல் கொம்பனிகளுக்குக் கொடுக்கும் ஒரு முறைமையைக் கட்டிய மென்பொருள் நிறுவனம் ‘தொழில் தெரிந்த ஆள்’ வேண்டுமென்று என்னை அழைத்தது. அங்கே தமிழ்ப் பிள்ளைகள், சிங்களப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அங்கிள். அவர்கள் எனக்குக் காஃப்கா என்ற தகவல் ஓட்ட மென்பொருளைச் சொல்லித் தந்தார்கள், நான் அவர்களுக்குத் துறைமுகத்தைச் சொல்லிக் கொடுத்தேன். கீழே எழுதுவது அந்தக் கொடுக்கல் வாங்கலில் தேறியது.

முதலில் ஒரு சிறு விடயம். வேகமான முறைமை கட்டுவது எங்களுக்கு எட்டாத காரியம் என்ற தொனி கட்டுரை முழுக்க இருக்கிறது. லண்டன் பங்குச் சந்தை 2009இல் மாலபேயில் இருந்த மிலேனியம் ஐடி நிறுவனத்தை முழுதாக விலைக்கு வாங்கியது. 2011 பெப்ரவரியில் அந்தச் சந்தையின் பங்கு வர்த்தகமே அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறியது. செக்கனை இலட்சக்கணக்காகக் கூறு போட்டுப் பார்க்கும் தொழில் அது. இதைக் கட்டுரையாளர் மறந்திருக்கக் கூடாது.

இனிக் கணக்குக்கு வருவோம். கொழும்புத் துறைமுகம் 2023இல் கையாண்டது சுமார் 70 இலட்சம் இருபதடிக் கொள்கலன் அலகுகள். நாற்பதடிப் பெட்டி ஒன்று இரண்டு அலகாக எண்ணப்படுவதால் உண்மையான பெட்டிகள் அதைவிடக் குறைவு. இருந்தாலும் தாராளமாக அலகுக்குப் பத்துச் சம்பவம் என்றே வைப்போம்: இறக்கியது, பெட்டிகளை அடுக்கும் யார்ட்டில் வைத்தது, இடம் மாற்றியது, ஏற்றியது என்று. ஆண்டுக்கு 7 கோடி. ஓர் ஆண்டில் இருப்பவை ஏறக்குறைய 3 கோடி 15 இலட்சம் செக்கன்கள். அப்படியானால் சராசரியாகச் செக்கனுக்கு இரண்டு சொச்சம் சம்பவங்கள். இதற்கு ஒரு பழைய லப்டொப் போதும். இந்தக் கணக்கை நான் வெண்பலகையில் போட்டுக் காட்டியபோது, புதிய சேர்வர்களுக்கு விலை கேட்டுக்கொண்டிருந்த முகாமையாளர் பேசாமல் இருந்தார்.

அப்படியென்றால் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் வந்தது என்ன? குளிரூட்டிய பெட்டிகள் இடைவிடாமல் அனுப்பும் வெப்பநிலை அளவீடுகள். லொறிகளின் ஜிபிஎஸ் புள்ளிகள். கிரேன்களின் உணர்கருவிகள். வேறு துறைமுகங்களிலிருந்து அதே கொம்பனிகளுக்கு வரும் செய்திகள். போதாததற்கு, கப்பல்களில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் முனையங்கள் ஏற்கெனவே அனுப்பிய கோப்புகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவது. இவை எல்லாவற்றையும் ஒரே வாய்க்காலில் விட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் எந்தச் சேர்வரும் திணறத்தான் செய்யும்.

எரிக் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 2003இல் எழுதிய நூல் ஒன்றின் வழியாகப் பரவிய முறை ஒன்று உண்டு. டொமெய்ன் டிரிவன் டிசைன் என்பார்கள். தொழில் எப்படிப் பிரிந்து நடக்கிறதோ அப்படியே மென்பொருளும் பிரிந்து நிற்க வேண்டும், தொழில் செய்பவரும் நிரல் எழுதுபவரும் ஒரே பேச்சைப் பேச வேண்டும், ஒரு பேச்சு எந்த எல்லைக்குள் செல்லுபடியாகும் என்பதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த நூலில் உதாரணமாக அடிக்கடி வருவது என்ன தெரியுமா? கப்பலில் சரக்கு அனுப்பும் தொழில்தான். பிள்ளைகள் அந்தப் பக்கங்களைக் காட்டியபோது, எங்கள் ஒப்பீஸைப் பார்த்தா எழுதினார் என்று கேட்டேன்.

இந்த முறை வங்கி, காப்புறுதி போன்ற அவசரமில்லாத வேலைகளுக்குத்தான் சரிவரும், தகவல் வெள்ளமாகப் பாயும் இடத்தில் இதெல்லாம் வேகத்தைக் குறைக்கும் என்று அந்தத் துறையிலேயே பலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. தொழிலின் எல்லையைச் சரியாகப் போட்ட இடத்தில்தான் வேகம் வந்தது.

குளிர்ப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 13.2 பாகை, 13.3 பாகை, மறுபடி 13.2 என்று வரும் ஒவ்வோர் எண்ணும் ஓர் அளவீடு. அது தொழிலில் ஒரு சம்பவம் ஆகாது. வாழைப்பழப் பெட்டியில் குளிர் கெட்டுவிட்டது என்பதுதான் சம்பவம். அதற்குத்தான் ஆள் ஓடுவான், காப்புறுதிக்காரன் கேள்வி கேட்பான். ஆனால் எது கெட்டது, எது கெடாதது என்று யார் சொல்வது? வாழைப்பழத்துக்கு 13 பாகையளவு வேண்டும், உறைந்த மீனுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 18. உறைந்த சரக்கில் இயந்திரம் பெட்டிக்குள் போய்த் திரும்பி வரும் காற்றின் வெப்பத்தைப் பார்த்து ஓடும், குளிர்ச் சரக்கில் உள்ளே அனுப்பும் காற்றைப் பார்த்து ஓடும். இடையில் சுருளில் படிந்த பனியை உருக்க இயந்திரம் தானாகவே குளிரை நிறுத்தும்போது சற்று நேரம் எண் ஏறும். அது பழுதல்ல. இவ்வளவும் யார்ட்டில் குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துத் திரியும் தொழில்நுட்பவியலாளருக்கு மனப்பாடம். அவரை ஒப்பீஸுக்கு அழைத்து உட்கார வைத்துக் கேட்டோம். அவர் சொன்ன விதிகளை வாய்க்காலின் தலைவாசலிலேயே வைத்தார்கள். அளவீடுகள் மலிவான களஞ்சியத்துக்கு ஒரு பக்கமாகப் போய்விடும், சம்பவங்கள் மட்டும் உள்ளே வரும். உள்ளே வந்த கூட்டம் அப்படியே வடிந்தது. இதற்கு ஒரு சேர்வரும் புதிதாக வாங்கவில்லை.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது, ஆனால் என் கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

காஃப்கா என்பது லிங்க்ட்இன் நிறுவனத்தில் பிறந்து 2011இல் பொதுவுக்கு விடப்பட்ட மென்பொருள். இன்று உலகெங்கும் தகவல் ஓட்டத்துக்கு அதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். அது தகவலைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட விடும். ஒரு பார்ட்டிஷனுக்குள் மட்டுமே வந்த ஒழுங்கு காக்கப்படும், பார்ட்டிஷன்களுக்கிடையே எது முந்தியது எது பிந்தியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எந்தத் தகவல் எந்தப் பார்ட்டிஷனுக்குப் போவது என்பதை ஒரு சாவி தீர்மானிக்கும். ஒரே சாவியுள்ளவை ஒரே இடத்துக்குப் போகும். ஆக, சாவி எது என்பதில்தான் வேகமும் சரியும் இரண்டும் தொங்குகின்றன.

பிள்ளைகள் முதலில் கப்பலின் பயண இலக்கத்தைச் சாவியாக வைத்திருந்தார்கள். படிப்பித்த பாடத்தின்படி அது நியாயம்தான்: கப்பல் வருகிறது, அதிலிருந்து பெட்டிகள் இறங்குகின்றன, எல்லாம் கப்பலுக்குள் அடக்கம். ஆனால் 2021இல் கொழும்பின் தெற்குத் துறைமுகத்துக்கு வந்த ‘எவர் ஏஸ்’ போன்ற கப்பலை நினைத்துப் பாருங்கள். அதன் கொள்ளளவு 23,992 அலகுகள். அப்படியொன்று வந்து நின்றால் அதன் பெட்டிகள் அத்தனையின் சம்பவங்களும் ஒரே பார்ட்டிஷனில் போய் நிற்கும், மற்றவை சும்மா கிடக்கும். பத்துக் கவுண்டர் திறந்திருக்க, சனம் முழுவதும் ஒரே கவுண்டரில் முண்டியடிப்பது மாதிரி. அப்போதும் முகாமையாளர் சேர்வரைப் பெரிதாக்கலாமா என்றுதான் கேட்டார்.

எவன்ஸின் முறையில் அக்ரிகேட் என்று ஒன்று வரும். ஒரே கணத்தில் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருந்தே ஆக வேண்டியவற்றை ஒரு கட்டாகக் கட்டுவது. அதை எனக்கு விளக்கியபோது நான் கேட்டது இதுதான்: கப்பலில் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்கிடையே அப்படி என்ன கட்டு இருக்கிறது? ஒரு பெட்டி சுங்கத்தில் விடுவிக்கப்பட்டதா என்பதும் அடுத்த பெட்டியின் விடுவிப்பும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ‘கப்பல் இறக்கி முடிந்தது’ என்ற செய்தி இரண்டு நிமிடம் பிந்தினால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரே பெட்டிக்குள் ஒழுங்கு பிசகக் கூடாது. இறக்காத பெட்டி வாயிலால் வெளியேற முடியாது, விடுவிக்காத பெட்டியை ஒப்படைக்க முடியாது. அப்படியானால் கட்டு பெட்டியில்தான் இருக்கிறது.

அதிலும் ஒரு பிடி உண்டு. பெட்டியின் இலக்கம் பெட்டிக்கு ஆயுள்வரை உரியது: உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்து, வகையைக் குறிக்கும் நான்காவது எழுத்து, ஆறு இலக்கம், சரிபார்க்கும் கடைசி இலக்கம். இன்று இறக்குமதிச் சரக்கோடு வந்த அதே பெட்டி சில மாதத்தில் தேயிலையோடு போகும், பிறகு வேறு ஒருவருடைய சரக்கோடு திரும்பி வரும். ஆகவே நாங்கள் பின்தொடர்வது இரும்புப் பெட்டியை அல்ல, அது கொழும்பில் ஒரு தடவை வந்து தங்கிப் போவதை. சாவி பெட்டி இலக்கம், கட்டு ஒவ்வொரு தங்கலும். இப்படி மாற்றிய பிறகு சம்பவங்கள் எல்லாப் பார்ட்டிஷன்களிலும் பரவி ஓடின. கப்பல் முடிந்ததா என்ற கணக்கைத் தனியாக, கீழே ஓடும் இன்னொரு ஓட்டத்தில் கூட்டிக்கொள்கிறார்கள். பார்ட்டிஷன்களின் எண்ணிக்கையை ஆரம்பத்திலேயே தாராளமாக வைக்கச் சொன்னதும் ஒரு பிள்ளைதான். பின்னால் கூட்டினால் அதே சாவி வேறு பார்ட்டிஷனுக்குப் போய்விடும், பழைய சம்பவம் ஓரிடத்திலும் புதியது வேறிடத்திலும் கிடந்து ஒழுங்கு கெடும் என்றார்.

இங்கே நான் சொல்ல வருவது, சாவியைத் தெரிவது தொழில்நுட்ப வேலை போலத் தோன்றினாலும் அது முழுக்க முழுக்கத் தொழில் பற்றிய கேள்வி. பதில் கையேட்டில் இல்லை, வார்ஃபில் இருக்கிறது.

தலைப்பில் கேட்ட விடயத்துக்கு வருகிறேன். முனையத்தின் வாயிலைப் பெட்டி கடந்தால் கோடெக்கோ என்ற செய்தி வரும். கப்பலிலிருந்து இறக்கினால் அல்லது ஏற்றினால் கோஆரி. இவை ஐக்கிய நாடுகள் வகுத்த எடிஃபாக்ட் முறையில் உலகத் துறைமுகங்கள் பேசிக்கொள்ளும் செய்திகள். 1987 முதல் அதன் இலக்கணம் சர்வதேசத் தர நியமமாகவே இருக்கிறது. நான் அறிந்த ஒரு பழைய முறைமையில், பெட்டி வாயிலால் வெளியேறியது என்று செய்தி வந்தவுடன் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று எழுதிவிடுவார்கள். எந்த நிறுவனம் என்பதை விட்டுவிடுகிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வெளியே போன பெட்டி உரியவர் கையில்தானே போகும்?

கொழும்பில் அப்படி இல்லை. இங்கே வரும் பெட்டிகளில் பெரும்பகுதி கொழும்புக்கு உரியவையே அல்ல. ஒரு கப்பலில் வந்து இன்னொரு கப்பலில் போகும் ட்ரான்ஷிப்மென்ட் பெட்டிகள். துறைமுகம் ஒன்று, முனையங்கள் பல. ஜெயா முனையமும் கிழக்கு முனையமும் துறைமுக அதிகார சபையுடையவை. 1999இல் வந்த சாக்ட், 2013இல் வந்த சிஐசிடி, 2025இல் தொடங்கிய மேற்கு முனையம் ஆகியவை தனியார் பங்குடன் நடப்பவை. ஒரு முனையத்தில் இறங்கிய பெட்டி இன்னொரு முனையத்தில் நிற்கும் கப்பலில் ஏற வேண்டியிருந்தால் அதை லொறியில் ஏற்றித் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுபோவார்கள். முதல் முனையத்தைப் பொறுத்தவரை அது வாயிலால் வெளியேறிய பெட்டிதான். அவர்கள் சொன்னதில் பிழையில்லை. இரண்டாவது முனையத்துக்கு அது வாயிலால் உள்ளே வந்த பெட்டி. கப்பல் கொம்பனிக்கோ அது இன்னும் கொழும்பைவிட்டு நகரவேயில்லை. அந்தப் பழைய முறைமை என்ன செய்தது? சிட்டகொங்கில் சரக்குக்காகக் காத்திருந்த ஒரு வியாபாரிக்கு ‘உங்கள் பெட்டி ஒப்படைக்கப்பட்டது’ என்று மின்னஞ்சல் போட்டது. பெட்டி அந்த நேரம் லொறியில் துறைமுகத்து உள்வீதியில் நின்றது. அதோடு நிற்கவில்லை. பெட்டியை வெளியே வைத்திருக்கும் நாட்களுக்கான டிடென்ஷன் கட்டணத்தின் மணிக்கூடும் ஓடத் தொடங்கிவிட்டது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், தேவையான தகவல் அந்தச் செய்திக்குள்ளேயே இருந்தது. பெட்டியைப் பற்றிய வரியில் ஒரு நிலைக் குறியீடு வரும்: ஏற்றுமதி என்றால் 2, இறக்குமதி என்றால் 3, ட்ரான்ஷிப்மென்ட் என்றால் 6. அந்த ஒற்றை இலக்கத்தைத் ‘தேவையில்லாத புலம்’ என்று வாசலிலேயே வெட்டி எறிந்திருந்தார்கள், வேகத்துக்காகவாம். 5 என்றும் ஒன்று வரும். அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பதை இறக்கி, பிறகு அதே கப்பலில் திருப்பி வைப்பது. ஷிஃப்டர் என்போம். அதையும் இறக்குமதியாக எண்ணினால் கப்பலில் இல்லாத பெட்டியெல்லாம் இறங்கும்.

புதிய முறைமையில் ஒவ்வொரு முனையத்தின் செய்திக்கும் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்தார்கள். முனையம் சொல்லும் ‘வெளியேறியது’ அந்த அடுக்கைத் தாண்டி உள்ளே வரும்போது ‘உள்ளூர் ஒப்படைப்பு’, ‘முனைய மாற்றம்’, ‘காலிப்பெட்டி டெப்போவுக்கு’ என்று மூன்றில் ஒன்றாகித்தான் வரும். முனையங்களைத் திருத்த முயலவில்லை. அவர்களுக்கு அவர்கள் எல்லைக்குள் அது சரி. இந்த அடுக்கு ஓட்டத்தைத் தாமதப்படுத்துமே என்று பயந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் தரவுத்தளத்துக்குப் போய்க் கேட்டு வந்தால் தாமதமாகும்தான். குறியீட்டு அட்டவணைகளை ஓடும் நிரலின் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் அது ஒரு பொருட்டே இல்லை.

மறுபடி மறுபடி அனுப்பப்படும் செய்திகளைப் பற்றியும் ஒரு சொல். 2017இல் வந்த பதிப்பிலிருந்து காஃப்கா ஒரே தகவல் இரட்டிக்காமல் பார்த்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது. அதை நம்பிப் பிள்ளைகள் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் அந்த வசதி தன் எல்லைக்குள் நடக்கும் இரட்டிப்பைத்தான் தடுக்கும். முனையத்தில் ஒருவர் கோப்பை மறுபடி அனுப்பினால் அது காஃப்காவுக்குப் புதிய செய்தி. செய்தியின் தலைப்பில் 9 என்று இருந்தால் மூலச் செய்தி, 5 என்றால் முந்தியதற்கு மாற்று, 1 என்றால் ரத்து. இதைப் பார்க்காமல், ஒரே மாதிரி இருப்பவற்றை எறிவோம் என்று விதி எழுதினால் ரத்துச் செய்தியும் குப்பைக்குப் போகும். எங்கள் காலத்தில் திருத்த மெனிபெஸ்ட் வந்தால் பழையதைக் கிழித்தெறிய மாட்டோம், குறுக்கே கோடு போட்டுப் புதியதை மேலே குத்தி வைப்போம். சம்பவங்களை அழிக்காமல் அடுக்கிக்கொண்டே போவது என்று இப்போது புதுமையாகச் சொல்கிறார்கள்.

நேரமும் அப்படித்தான். பெட்டி இலவசமாக இருக்கக்கூடிய நாட்கள் கொழும்பு நாட்காட்டியில் எண்ணப்படுகின்றன. கணினிகளோ கிரீன்விச் நேரத்தில் எழுதுகின்றன. இங்கே நள்ளிரவு என்றால் அங்கே முந்திய நாள் மாலை 6.30. கிரீன்விச் மாலை 7 மணிக்கு இறங்கிய பெட்டிக்கு நாள் ஒன்று பிசகும், பிசகிய நாளுக்குப் பணம் உண்டு. பழைய பதிவுகளை ஏற்றும்போது இன்னொரு சிக்கல்: 1996இல் இந்த நாடு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளியது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கிடைப்பட்ட ஆவணங்களுக்கு வேறு கணக்கு. இதைப் பிள்ளைகளிடம் சொன்னபோது நான் கதை விடுகிறேன் என்று நினைத்தார்கள். பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவில்லை.

துறைமுகம் எல்லாருக்கும் பழக்கமில்லை என்றால், எல்லாரும் வரிசையில் நின்ற ஒன்றைச் சொல்கிறேன். 2022 ஓகஸ்ட் முதலாம் திகதி எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை நாடு முழுவதும் வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. 2023 செப்டெம்பரில் எடுத்துவிட்டார்கள். அதைக் கட்டியவர்கள் உள்ளே எப்படி அமைத்தார்கள் என்பது இங்கே என் பேச்சல்ல. அப்படியொன்றைக் கட்டச் சொன்னால் மேலே சொன்ன அக்ரிகேட் என்ற கட்டை எதில் போடுவீர்கள் என்பதுதான் கேள்வி. எரிபொருள் நிலையத்தில் போட்டால், ஒரே வண்டிக்காரர் பம்பலப்பிட்டியில் பாதியும் அதே நேரம் மகன் கையில் கியூஆரைக் கொடுத்துத் தெஹிவளையில் முழுவதும் அடித்துவிடலாம். வண்டி இலக்கத்தில் போட்டால் முடியாது. ஒரு வண்டியின் கிழமைப் பங்கு பூச்சியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது மட்டுமே அந்தக் கணத்தில் காக்கப்பட வேண்டியது. நிலையத்தின் தாங்கியில் எவ்வளவு மிச்சம் என்பது கொஞ்சம் பிந்தலாம். நாடு முழுவதும் எத்தனை லீற்றர் போனது என்பதை அமைச்சர் பின்னேரம் பார்த்தாலும் போதும். ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் சம்பந்தமில்லாததால் இலட்சக்கணக்கில் வண்டிகள் வந்தாலும் வேலையைப் பிரித்துப் பிரித்து ஓட விடலாம்.

இந்த முறையைக் கும்பிடச் சொல்லி எழுதுகிறேன் என்று எண்ண வேண்டாம். சில கொம்பனிகளில் இதன் பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கோப்புறைகளுக்கு டொமெய்ன் என்று பெயர் வைத்துவிட்டுப் பழையபடியே எழுதுகிறார்கள். இன்னும் சிலர் ஒவ்வொரு ஜிபிஎஸ் புள்ளியையும் ஒரு பெரிய பொருளாக்கி, தரவுத்தளத்திலிருந்து முழுவதையும் ஏற்றி, ஒரு எழுத்து மாற்றி, திரும்பவும் எழுதுகிறார்கள். ஓட்டம் நின்றுபோகாமல் என்ன செய்யும்? அளவீடுகளைக் கொத்தாகத்தான் அள்ள வேண்டும். 2019இல் ஷமக் தெகானி என்ற மென்பொருள் ஆலோசகர் முன்வைத்த டேட்டா மெஷ் என்ற கருத்தும் இங்கே அடிபடுகிறது: ஒவ்வொரு தொழில் பிரிவும் தன் தரவுக்குத் தானே பொறுப்பு என்பது. ஆயிரம் பொறியியலாளர் உள்ள இடத்துக்கு அது சரிவரலாம். ஒரு மேசையைச் சுற்றி எல்லாரும் உட்காரக்கூடிய கொம்பனிக்கு அது தேவையில்லாத தலையிடி.

கட்டுரையாளர் கேள்விப்பத்திர (டெண்டர்) விடயத்தையும் தொட்டிருக்கிறார், அதனால் கேட்கிறேன். அரசாங்க நிறுவனமோ தனியாரோ, தரவு முறைமைக்கு விலைமனுக் கோரும்போது எத்தனை சேர்வர், எத்தனை டெராபைட், செக்கனுக்கு எத்தனை தகவல் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எந்த இரண்டு விடயம் ஒரே கணத்தில் முரண்படக் கூடாது, எது பிந்தலாம், எவ்வளவு பிந்தலாம், ஒரு செய்தியைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஒரு வரியும் இருப்பதில்லை. அதை எழுதத் தெரிந்தவர்கள் வாயிலில் இருக்கும் எழுதுவினைஞர்களும் யார்ட்டில் நிற்கும் மேற்பார்வையாளர்களும்தான். மொறட்டுவையிலும் கொழும்பிலும் தரவுப் பொறியியல் படிக்கும் பிள்ளைகளைப் பயிற்சிக் காலத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், இரவு முறைக்காரர் ஒருவர் போதும், சாவி எது என்று காட்டிக் கொடுக்க.

அப்படி அழைக்கும்போது அவர்களுக்கு ஆலோசகர் கட்டணத்தையும் விலைமனுவில் சேர்க்கச் சொல்லுங்கள். இப்போது தருவது பால் தேத்தண்ணியும் ஒரு பற்றீசும்தான்.

இப்படிக்கு,
கப்பல் ஆவணப் பிரிவில் ஓய்வு பெற்ற ஒரு வாசகன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13